வீட்டில் கட்டிய பிளைவுட் கயாக்: மிதவை, ஆட்டம், கவிழ்தல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளைவுட்டைச் செம்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளை எபாக்சியால் நிரப்பி, சொந்தமாகக் கயாக் (ஒற்றை ஆள் துடுப்புப் படகு) கட்டுகிறவர்களிடமிருந்து வரும் கேள்விகள் பெரும்பாலும் படகு தண்ணீரில் இறங்கிய மறுநாள்தான் வரும். ஒரே சந்தேகங்கள், ஆள் மட்டும் வேறு. திரும்பத் திரும்பச் சொல்வதற்குப் பதிலாக இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

கணக்குகளுக்கெல்லாம் ஒரு சாதாரணப் படகை எடுத்துக்கொள்கிறேன்: 4 மீட்டர் நீளம், 60 செ.மீ. அகலம், 4 மி.மீ. மரைன் பிளை, மொத்த எடை 22 முதல் 25 கிலோ, ஓட்டுபவர் 70 கிலோ. ஏரி, காயல், கழிமுகம் போன்ற அமைதியான நீருக்கு.

உள்ளே ஃபோம் நல்லா அடைச்சுட்டா கயாக் கவிழாதுல்ல?

கவிழும். முதலில் தீர்க்க வேண்டிய குழப்பம் இதுதான். மிதவையின் வேலை, தண்ணீர் உள்ளே புகுந்த பிறகு படகு முழுகாமல் பார்த்துக்கொள்வது. ஆட்டம் வேறு சங்கதி. அதைத் தீர்மானிப்பவை நீர்மட்டத்தில் படகின் அகலம், அடிப்பாகத்தின் வடிவம், நீங்கள் உட்காரும் உயரம் ஆகியவைதான். காய்ந்த படகுக்குள் ஐம்பது லிட்டர் ஃபோம் இருந்தாலும் அது வெறும் சுமை. தண்ணீரைத் தொடாத ஃபோம் எதையும் தூக்காது.

இரண்டும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. உள்ளே தண்ணீர் ஏறிய படகு லேசாகச் சாய்ந்தாலும் அந்தத் தண்ணீர் முழுக்கச் சாய்ந்த பக்கமே ஓடி, சாய்வை இன்னும் கூட்டும். இரு முனைகளிலும் ஃபோமோ, முனையைத் தனி அறையாக அடைக்கும் குறுக்குத் தடுப்புப் பலகையோ இருந்தால் தண்ணீர் நிற்கிற இடமே குறைந்துவிடும். மிதவையால் ஆட்டத்துக்குக் கிடைக்கும் லாபம் அவ்வளவுதான்.

மரம்தானே, தானா மிதக்கும். தனியா மிதவை எதுக்கு?

மிதக்கும், ஆனால் உங்களுக்குப் பயன்படும்படி மிதக்காது. ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தரத்தில் வரும் மரைன் பிளையின் அடர்த்தி தண்ணீரில் ஏறக்குறைய முக்கால் பங்கு. 15 கிலோ பிளை முழுக்க அமிழ்ந்தால் ஐந்தாறு கிலோ தூக்கும். எபாக்சியும் கண்ணாடி இழைத் துணியும் தண்ணீரைவிடக் கனம் என்பதால் அதிலும் கொஞ்சத்தை அவை தின்றுவிடும். மிஞ்சுவது இரண்டு மூன்று கிலோ. படகு அடிக்குப் போகாது, விளிம்பு தண்ணீருக்குள் இருக்க மரக்கட்டை மாதிரி கிடக்கும். ஒரு மக் இறைத்தால் ஒரு மக் உள்ளே வரும்.

கட்டுமரத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது. அதில் தண்ணீர் தேங்க இடமே இல்லை, ஏறிய அலை மரங்களின் இடுக்கு வழியாக இறங்கிவிடும். சுவர் வைத்துக் குழிவான படகு கட்டினால் தண்ணீர் தேங்கும் பிரச்சினையும் கூடவே வரும். நம் கயாக்கின் உள்ளே சுமார் 300 லிட்டர் இடம் இருக்கிறது. நிறைந்தால் 300 கிலோ தண்ணீர்.

சரி, எத்தனை லிட்டர் வேணும்? கணக்கா சொல்லுங்க.

ஒரு லிட்டர் காற்றோ ஃபோமோ நல்ல தண்ணீரில் ஒரு கிலோ தூக்கும், அதன் சொந்த எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். கடல் நீரில் லிட்டருக்கு 25 கிராம் கூடுதல். தண்ணீருக்குள் இருக்கும் உடம்பு அநேகமாக எடையற்றது. நிறைந்த படகில் உட்கார்ந்திருக்கும் 70 கிலோ ஆளின் இடுப்புக்கு மேலே உள்ள பாகம் மட்டும் வெளியே இருக்கும், அதைத் தாங்க 35 முதல் 40 லிட்டர் வேண்டும். இது முழுகாமல் இருக்க மட்டும். இறைத்து வெளியேற்ற வேண்டுமானால் காக்பிட் (நீங்கள் உட்காரும் குழி) விளிம்பு நீர்மட்டத்துக்கு மேலே வர வேண்டும். அதற்கு இரு முனைகளும் சேர்த்து 80 முதல் 100 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிகமானால் நல்லதுதான், ஒவ்வொரு லிட்டர் ஃபோமும் நீங்கள் இறைக்க வேண்டியதில்லாத ஒரு லிட்டர்.

முனையின் கொள்ளளவை அறிய ஒரு சுலப வழி: தடுப்பு வரும் இடத்தில் படகின் குறுக்குப் பரப்பை முனை வரையுள்ள நீளத்தால் பெருக்கி, பாதியாக்குங்கள். 1,000 சதுர செ.மீ. பரப்பு, 110 செ.மீ. நீளம் என்றால் 55,000 கன செ.மீ., அதாவது 55 லிட்டர். துல்லியமில்லை, நம் வேலைக்குப் போதும்.

தெர்மோகோல் போதுமா? கடையில அதுதான் சீப்பா கிடைக்குது.

போதும். நம் கரைகளில் தெர்மோகோல் கட்டைகளை வலையால் சுற்றிக் கட்டி, அதன்மேல் ஒற்றை ஆளாக உட்கார்ந்து மீன் பிடிக்கப் போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் டிவி பெட்டிக்குள் வரும் வெள்ளைத் தெர்மோகோல் வேண்டாம். விரலால் அழுத்தினால் மணி மணியாக உதிரும், நாளாக ஆகத் தண்ணீரும் ஏறும். கட்டட வேலைக்கு விற்கும் அடர்த்தியான ரகம் அல்லது நீலம், இளஞ்சிவப்பு நிறத்தில் வரும் எக்ஸ்பிஎஸ் (எக்ஸ்ட்ரூடட் பாலிஸ்டைரீன்) பலகை நல்லது. கனமான பாலிதீனில் சுற்றி டேப் ஒட்டுங்கள். சும்மா விட்டால் எறும்பு குடியேறும்.

முக்கியமான எச்சரிக்கை பசை பற்றியது. ஃபைபர் கடையில் கோபால்ட்டும் ஹார்ட்னரும் சேர்த்துக் கலக்கித் தருவார்களே, அந்தப் பாலியஸ்டர் ரெசின் பட்டால் தெர்மோகோல் கண்முன்னே குழி விழுந்து கரையும். எக்ஸ்பிஎஸ்ஸுக்கும் அதே கதி. பெட்ரோல், தின்னர், மஞ்சள் ரப்பர் பசை எல்லாம் அப்படித்தான். எபாக்சி மட்டும் ஒன்றும் செய்யாது. எந்த டப்பாவை வாங்கினாலும் ஒரு வெட்டுத்துண்டில் தடவி, இரவு வைத்துப் பார்த்துவிட்டு ஒட்டுங்கள்.

காலி தண்ணி பாட்டில் போடலாமா, பார்க்க அசிங்கமா இருக்கும்னு தோணுது.

தாராளமாக. தடுப்புக்குப் பின்னால் யார் பார்க்கப் போகிறார்கள்? ஒரு லிட்டர் பாட்டில் முப்பது கிராம் எடைகூட இராது, ஒரு கிலோ தூக்கும், செலவு இல்லை. மூடியை இறுக்கி, திருகில் கொஞ்சம் சிலிகான் தடவி, வெங்காய மூட்டை வலைக்குள் போட்டுக் கட்டிவிடுங்கள். உருண்டைப் பாட்டில்களுக்கு இடையே கணிசமான இடம் வீணாகும், அதையும் கணக்கில் சேருங்கள். வெயிலில் மூடியது குளிர்ந்த நீரில் சப்பிப் போகும், அதனால் நிழலில் வைத்து மூடுங்கள். வருடம் ஒருமுறை ஒவ்வொன்றையும் அழுத்திப் பாருங்கள்.

கதவு நிலைக்கு அடிக்கிற ஸ்ப்ரே ஃபோமை முனையில அடிச்சு மூடிடலாமா?

வேண்டாம். அது காற்றின் ஈரத்தால் இறுகுவது. மூடிய குழிக்குள் ஆழமாக அடித்தால் நடுப்பகுதி இறுகாமல் பசையாகவே நிற்கும். தோலைச் சீவிவிட்டால் தண்ணீரையும் குடிக்கும்.

இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றும் பாலியூரித்தேன் ஃபோம் இதைவிட நல்லது. ஆனால் பொங்கும்போது சூடும் அழுத்தமும் அதிகம், ஒரேயடியாக ஊற்றினால் 4 மி.மீ. பிளையை உப்ப வைத்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக, ஆறவிட்டு ஊற்ற வேண்டும். கையுறையும் முகமூடியும் இல்லாமல் தொடக்கூடாது. எனக்கு இதில் பெரிய ஆட்சேபம் வேறு: மரத்தோடு ஒட்டிக்கொண்ட ஃபோமின் பின்னால் ஈரம் புகுந்தால் உளுத்துப் போவது வெளியே தெரியாது. கழற்றி எடுத்துக் காயவைக்க முடிகிற மிதவையே மரப்படகுக்கு ஏற்றது.

பின்பக்கம் மட்டும் தடுப்பு வச்சிருக்கேன், முன்பக்கம் கால் நீட்ட இடம் வேணும்.

தண்ணீர் நிறைந்தால் முன்முனை கீழே போய், பின்முனை வானத்தைப் பார்த்து நிற்கும். அந்த நிலையில் இறைக்கவும் முடியாது, ஏறவும் முடியாது. இரு பக்கமும் மிதவை வேண்டும், ஏறக்குறைய சமமாக. முன்பக்கத் தடுப்பை நுனிக்காலிலிருந்து 10 செ.மீ. தள்ளி வையுங்கள், கால் நீட்டத் தாராளமாகப் போதும். பலகை வைக்க மனமில்லை என்றால் முன்முனையில் மட்டும் ஃபோமையோ காற்றடைத்த டியூபையோ செருகிக் கட்டலாம்.

கட்டுவது என்றால் உண்மையிலேயே கட்டுவது. 50 லிட்டர் ஃபோம் தண்ணீருக்குள் 50 கிலோ விசையோடு மேலே கிளம்பும். இரண்டு சொட்டுப் பசை அதைப் பிடித்து வைக்காது. நைலான் பட்டை, எபாக்சியால் ஒட்டிய மரக்கண்ணிகள், குறுக்கே ஒரு சட்டம், இவற்றில் ஏதாவது இருக்க வேண்டும்.

தடுப்பு காத்துப் புகாம இருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

தடுப்பில் மேலாக 1.5 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். அதில் மெல்லிய குழாயைச் செருகி வாயால் ஊதிக்கொண்டே, மூட்டுகளிலும், அந்த அறைக்குள் சாமான் வைக்கத் திறக்கும் மூடியின் ஓரத்திலும் சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தடவச் சொல்லுங்கள். ஒழுகும் இடத்தில் சின்னச் சின்னக் குமிழாக வரிசை கட்டும். பஞ்சர் கடைக் கம்ப்ரசரைக் கொண்டுபோய் வைத்துவிடாதீர்கள், தடுப்பே தெறித்துவிடும்.

சோதனை முடிந்ததும் அந்தத் துளையை அடைக்க வேண்டாம். வெயிலில் காய்ந்த படகைத் தண்ணீரில் இறக்கியதும் உள்ளே உள்ள காற்று சுருங்கி, மூடியின் இடுக்கு வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். துளை இருந்தால் காற்று அதன் வழியே சமன்படும். அவ்வளவு சின்னத் துளையில் புகும் தண்ணீர் பொருட்டல்ல.

தடுப்பு இருந்தா உள்ளே ஃபோம் தேவையில்லதானே?

மூடி கழன்று விழாதவரை தேவையில்லை. மூடி கழன்றால் அந்த 55 லிட்டரும் ஒரே நேரத்தில் போய்விடும். சாமான் வைக்காத நாளில் உள்ளே பத்திருபது பாட்டில்களைப் போட்டு வையுங்கள். மூடியைச் சின்னக் கயிற்றால் படகோடு பிணைப்பதும் நல்லது.

உட்கார்ந்ததுமே இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடுது. நேரா இருக்கவே முடியலை.

முதலில் சீட்டைப் பாருங்கள். பத்தில் எட்டு பேர் நல்ல தடிமனான மெத்தை போட்டிருப்பார்கள், சிலர் "மிதவையும் ஆச்சு, சீட்டும் ஆச்சு" என்று ஃபோம் கட்டையின் மேலேயே உட்கார்ந்திருப்பார்கள். உட்கார்ந்த ஆளின் எடைமையம் சீட்டிலிருந்து சுமார் 25 செ.மீ. மேலே இருக்கும். அதற்கும், எடைமையம் எந்த உயரம் வரை இருந்தால் படகு உங்களைத் திரும்ப நிமிர்த்துமோ அந்த உயரத்துக்கும் இடையிலுள்ள தூரம் இப்படிப்பட்ட குறுகிய படகில் ஒரு சாண்கூட இராது. அதில் 3 செ.மீ. மெத்தை பெரிய பங்கு. சீட்டை அடிப்பலகையோடு ஒட்டி, 1 செ.மீ. ரப்பர் விரிப்போடு நிறுத்துங்கள். எந்தச் செலவும் இல்லாத, மற்ற எல்லாவற்றையும்விடப் பயன் தரும் வைத்தியம் இது.

அடுத்தது இடுப்புக்கும் முழங்காலுக்கும் பிடிமானம். இடுப்பின் இருபுறமும் ஃபோம் துண்டு வைத்து இறுக்கிக்கொண்டால் படகு சாயும்போது நீங்கள் வழுக்கிப் போகாமல், இடுப்பாலேயே நிமிர்த்த முடியும். கால் பதிக்க ஒரு குறுக்குக் கட்டை வையுங்கள். பிறகு சில நாள் ஓட்டிப் பாருங்கள். ஆட்டத்தில் பாதி, பழகாத உடம்பினுடையது.

அடியில மணல் மூட்டை போட்டா ஸ்டெடியா இருக்குமே?

இருக்கும், குறிப்பாக ஒல்லியான ஆள் பெரிய படகில் போனால். 10 முதல் 15 கிலோ, நடுவில், அடிப்பலகையை ஒட்டி. ஆனால் மணலுக்குப் பதில் தண்ணீர் நிரப்பிய கேன் போடுங்கள். படகு காய்ந்திருக்கும்போது இரண்டும் ஒரே பாரம். நிறைந்துவிட்டால் மணல் உங்களை அடிக்கு இழுக்கும், தண்ணீர்க் கேன் தண்ணீருக்குள் எடையற்றதாகிவிடும். தாகத்துக்கும் ஆகும். எதுவானாலும் உருளாதபடி கட்ட வேண்டும், சாயும்போது நகரும் பாரம் இல்லாத பாரத்தைவிட மோசம்.

ரெண்டு பக்கமும் ஃபோம் ஒட்டி அகலத்தைக் கூட்டலாமா?

கூட்டலாம். எதிர்பார்ப்பதைவிடக் கூடுதலாகவே பலன் தெரியும், ஏனென்றால் படகை நிமிர்த்தும் விசை நீர்மட்ட அகலத்தின் மூன்றாம் படியோடு ஏறுகிறது. 60 செ.மீ. அகலம் படகு நெடுக 66 ஆனால் விசை மூன்றில் ஒரு பங்கு கூடும். நடுப்பகுதியில் மட்டும் ஒட்டினால் அதைவிடக் கொஞ்சம் குறையும். ஏசி குழாய்க்குச் சுற்றும் கருப்பு ஃபோம் உருளைகளை வலைத்துணியில் பொதிந்து கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

எங்கே ஒட்டுகிறீர்கள் என்பதில்தான் விஷயம். மேல் விளிம்பில் ஒட்டினால் படகு நன்றாகச் சாய்ந்த பிறகே தண்ணீரைத் தொடும், அதுவரை ஆட்டம் அப்படியே இருக்கும். நீங்கள் உட்கார்ந்த நிலையில் நீர்மட்டக் கோட்டைப் பென்சிலால் குறித்து, அந்தக் கோட்டை ஒட்டியே வையுங்கள். வேகம் குறையும், துடுப்பும் உரசும். இரண்டுக்கும் தயாராக இருந்தால் செய்யுங்கள்.

பிவிசி பைப்ல அவுட்ரிகர் பண்ணலாம்னு இருக்கேன். எந்த சைஸ்?

அவுட்ரிகர் என்றால் படகிலிருந்து பக்கவாட்டில் தள்ளிக் கட்டும் மிதவை. 110 மி.மீ. பைப், இரு பக்கமும் ஒரு மீட்டர் துண்டு. ஒவ்வொன்றும் 9.5 லிட்டர். பைப், மூடி எடை போக ஏறக்குறைய 7 கிலோ தூக்கும். படகின் நடுக்கோட்டிலிருந்து 70 செ.மீ. தள்ளி வைத்தால், உங்கள் 70 கிலோ உடம்பின் மையம் 7 செ.மீ. நகர்வதை ஒரு மிதவை ஈடுகட்டும். கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் படகின் சொந்த நிமிர்விசைக்கு மேல் இது கூடுதல். இதற்கு மேல் வேண்டுமானால் பருமனைக் கூட்டுங்கள் அல்லது இன்னும் தள்ளி வையுங்கள்.

குறுக்குச் சட்டத்துக்கு அலுமினியக் குழாய், காக்பிட்டுக்குப் பின்னால். முன்னால் வைத்தால் துடுப்பு ஒவ்வொரு வலிப்பிலும் இடிக்கும். பைப்பின் முன்பக்கம் தட்டையான மூடி போடாமல் 45 டிகிரி எல்போ போட்டு, மேல்நோக்கித் திருப்பி மூடுங்கள், தண்ணீரை முட்டாமல் ஏறிப் போகும். இரு மிதவைகளும் தண்ணீரை ஒரே நேரத்தில் தொடக்கூடாது. நேராக உட்கார்ந்தால் இரண்டும் மூன்று நான்கு செ.மீ. மேலே நிற்கட்டும். சால்வென்ட் ஒட்டு விட்டுப்போனாலும் கவலையில்லாமல் இருக்க, மூடும் முன் உள்ளே ஃபோம் துண்டுகளைத் திணித்துவிடுங்கள். டெக்கில் (படகின் மேல்தளம்) துளை போட்டு போல்ட் முடுக்குவதைவிடக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவதே எனக்குப் பிடிக்கும், கழற்றவும் சுலபம்.

அவுட்ரிகர் இருக்கு, இனிமே கடலுக்குப் போகலாமா?

இந்தக் கேள்விக்கு நான் இல்லை என்றுதான் சொல்வேன். இலங்கையின் ஒருவா படகு ஒற்றைப் பக்க மிதவையோடு கடலோடுவது உண்மை. ஆனால் அந்த மிதவை கனமான மரம், அளவும் கட்டும் தலைமுறைகளாகத் தேறியவை. நாம் மேலே கட்டியது 7 கிலோ தூக்கும் பைப். அமைதியான நீரில் ஆட்டத்தை அடக்க அது போதும். கரையில் உடைகிற அலை ஒரு பக்க மிதவையைத் தூக்கி மறுபக்கத்தை அமுக்கும், குறுக்குச் சட்டம் நெம்புகோலாக மாறி டெக்கையே பெயர்க்கும். அதோடு, அவுட்ரிகர் உள்ள படகு கவிழ்ந்துவிட்டால் தலைகீழாகவும் அதே நிலைப்போடு நிற்கும், திருப்ப முடியாது.

எழுந்து நின்னு தூண்டில் போடணும். எது சேர்த்தா முடியும்?

60 செ.மீ. படகில் எதைச் சேர்த்தாலும் வேண்டாம். எழுந்தால் எடைமையம் அரை மீட்டருக்கு மேல் உயரும், சீட்டை 3 செ.மீ. இறக்கியதற்கு மேலே சொன்ன காரணத்தை நினைத்துப் பாருங்கள். நின்று மீன் பிடிக்கவென்றே செய்யும் கயாக்குகள் 85 செ.மீ.க்கும் மேல் அகலம், தட்டை அடி. அடுத்த படகை அப்படிக் கட்டுங்கள்.

லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கேன். அப்புறம் படகுக்கு வேற மிதவை எதுக்கு?

ஜாக்கெட் உங்கள் வாயைத் தண்ணீருக்கு மேலே வைக்கும், கரைக்குக் கொண்டு போகாது. காயலின் நடுவில் காற்று கரையிலிருந்து வீசினால் நீந்துவது சாமானியமல்ல. மிதக்கும் படகு தூரத்திலிருந்து கண்ணில் படும், பிடித்துக்கொள்ளவும் ஆகும். இதில் ஒரு சிக்கல்: மிதவை நிறைந்த படகு லேசாக உயர்ந்து நிற்பதால் காற்று அதைச் சட்டென்று தள்ளிக்கொண்டு போய்விடும், நீந்திப் பிடிக்க முடியாது. விழுந்தவுடன் முதல் வேலை படகைப் பிடிப்பது, இரண்டாவது துடுப்பைப் பிடிப்பது. துடுப்பைக் கயிற்றால் படகோடு கட்டிவைத்தால் ஒன்றைப் பிடித்தால் இரண்டும் கிடைக்கும்.

கவிழ்ந்தா தனியா எப்படித் திரும்ப ஏறுறது?

துடுப்பு மிதவை வைத்து. பத்துப் பன்னிரண்டு லிட்டர் ஃபோம் கட்டையைத் துடுப்பின் இலையில் மாட்டும்படி பட்டை தைத்துக்கொள்ளுங்கள், ஐந்து லிட்டர் காலி கேன் இரண்டைச் சேர்த்துக் கட்டினாலும் சரி. படகை நிமிர்த்தி, காக்பிட்டுக்குப் பின்னால் துடுப்பைக் குறுக்கே வைத்து, மிதவை உங்கள் பக்கம் வெளியே நீட்டியிருக்கும்படி பிடியுங்கள். ஒரு கையில் துடுப்புத்தண்டும் காக்பிட் விளிம்பும் சேர்ந்து இருக்கட்டும். ஒரு காலைத் தண்டின்மேல் கொக்கி போட்டு, வயிறு டெக்கில் படும்படி, முகம் பின்முனையைப் பார்க்க ஏறுங்கள். கால்களைக் காக்பிட்டுக்குள் விட்டு, மிதவைப் பக்கமாகவே திரும்பி உட்காருங்கள். உடம்பு முழுக்க மிதவைப் பக்கமே சாய்ந்திருக்க வேண்டும், மறுபக்கம் சாய்ந்தால் திரும்பவும் தண்ணீர்தான்.

உட்கார்ந்த பிறகும் மிதவையைக் கழற்றாமல் இறையுங்கள். மேல்பாகம் வெட்டிய எண்ணெய் கேன் ஒன்றைக் கயிற்றில் கட்டி வைத்திருங்கள், கடைசித் தண்ணீருக்கு ஸ்பாஞ்ச்.

இதெல்லாம் வேலை செய்யுமான்னு எங்கே டெஸ்ட் பண்றது?

இடுப்பளவு தண்ணீர், ஓட்டம் இல்லாத இடம், கூட ஒரு ஆள். வாளியால் படகை விளிம்பு வரை நிரப்பி உள்ளே உட்காருங்கள். எந்த முனை தாழ்கிறது, விளிம்பு எத்தனை விரல் மேலே நிற்கிறது என்று கூட இருப்பவர் கரையிலிருந்து பார்த்துச் சொல்லட்டும். தாழ்ந்த முனையில் மிதவையைக் கூட்டுங்கள். பிறகு வேண்டுமென்றே கவிழ்த்து, ஃபோம் இருந்த இடத்திலேயே இருக்கிறதா என்று கையை விட்டுப் பாருங்கள். ஏறிப் பழகுவதும் அதே இடத்தில்தான், கால் எட்டாத ஆழத்துக்குப் போவது அதற்குப் பிறகு.

பையனை முன்னாடி மடியில உட்கார வச்சுக்கலாமா, சின்ன பையன்தான்?

மூடிய காக்பிட்டில் வேண்டாம். கவிழ்ந்தால் உங்கள் கால்களுக்கும் டெக்குக்கும் நடுவே அவன் சிக்கிக்கொள்வான். முன்பக்கம் 20 கிலோ ஏறினால் முன்முனை அமிழ்ந்து படகு நேராகவும் போகாது. மேலே சொன்ன லிட்டர் கணக்கும் ஓர் ஆளுக்குத்தான். அவனுக்கென்று திறந்த, அகலமான படகு ஒன்றைக் கட்டுங்கள், இந்தக் கயாக்குக்கு ஆகும் இரண்டு பிளை ஷீட்டோடு இன்னொன்று சேர்த்தால் ஆகிவிடும்.